வளர்ச்சி, வளர்ச்சின்றாங்களே, யாருக்கு? ரங்கூன் தமிழ்ப் பிள்ளைங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்தப் பக்கம் எதுக்கு?

ஞாயித்துக்கிழமை காலைல கோயில் மண்டபத்துல தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்குறேன். சின்னப் பிள்ளைங்க அ ஆ முடிச்சிட்டு பிரசாதம் வாங்க ஓடினதுக்கு அப்புறம் பெரிய பசங்க கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவாங்க. பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும், "அக்கா, எல்லா நாடும் முன்னேறுது, நம்ம நாடு ஏன் இப்படி?" ஒவ்வொரு வாரமும் அதே கேள்விய வேற வேற வாய் கேக்குது, அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதி வச்சிட்டேன். நான் பொருளாதாரம் படிச்சவ கிடையாது. ஆனா எங்க குடும்பம் நாலு தலைமுறையா இந்த மண்ணுல இருக்கு, ஒவ்வொரு தலைமுறையும் ஒரு "வளர்ச்சித் திட்டம்" வந்து அடிச்சிட்டுப் போனதப் பாத்திருக்கு.

ரோடு போட்டா ரோடு, கரண்ட் வந்தா கரண்ட். இதுல அரசியல் எங்க வருது?

ரோடு எந்த ஊர் வழியா போகுது, யாரோட வயல் நடுவுல போகுது, காசு யார் கொடுத்தா, அந்தக் காசை யார் திருப்பிக் கட்டணும், அந்த ரோட்டுல முதல்ல ஓடுறது ஸ்கூல் பஸ்ஸா கம்பெனி லாரியா, இது அத்தனையும் யாரோ ஒருத்தர் உக்காந்து முடிவு பண்றதுதான். அந்த முடிவு எடுக்கிற அறைல நாம இருந்தோமா இல்லையா, அதத்தான் நான் அரசியல்னு சொல்றேன். கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் நான் தேடுறது இந்த ஒன்னத்தான்.

"பின்தங்கிய நாடு"ன்ற பேச்சு எப்ப வந்தது?

ரொம்பப் பழசு இல்ல. 1949 ஜனவரில அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்புப் பேச்சுல, வளர்ச்சி குறைஞ்ச பகுதிகளுக்கு எங்க அறிவியலும் தொழில்நுட்பமும் கொடுத்து உதவுவோம்னு சொன்னாரு. அன்னைக்கு வரைக்கும் காலனி, சுதந்திர நாடுன்னு பேசிட்டிருந்த உலகம் அதுக்கப்புறம் முன்னேறினது, முன்னேறாததுன்னு பிரிச்சுப் பேச ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே, 1944ல, பிரெட்டன் வுட்ஸ்ன்ற ஊர்ல கூடி உலக வங்கியையும் ஐஎம்எஃப்ன்ற சர்வதேச நாணய நிதியத்தையும் உருவாக்கியாச்சு. அப்ப பர்மா சண்டைக்களமா இருந்தது, நம்மள யாரும் கேக்கல.

இந்த ரெண்டு இடத்துலயும் ஓட்டு ஆளுக்கு ஒன்னு கிடையாது, நாட்டுக்கு ஒன்னும் கிடையாது, போட்ட பணத்துக்கு ஏத்த மாதிரி. ஐஎம்எஃப்ல பெரிய முடிவுக்கு 85 சதவீதம் ஓட்டு வேணும், அமெரிக்கா கையில மட்டும் 16 சதவீதத்துக்கு மேல இருக்கு. அவங்க வேணாம்னா நடக்காது. உலக வங்கித் தலைவரா எப்பவும் ஒரு அமெரிக்கர், ஐஎம்எஃப் தலைவரா எப்பவும் ஒரு ஐரோப்பியர், இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் போகுது.

ஆனா நம்ம பக்கம் எல்லாரும் வாய மூடிட்டு இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. 1955ல இந்தோனேசியால பாண்டுங் மாநாட்டக் கூட்டின அஞ்சு நாட்டுல பர்மாவும் ஒன்னு. பான்தனோன்ற சின்ன டெல்டா ஊர்ல பிறந்த ஊ தாண்ட் 1961லேர்ந்து 1971 வரைக்கும் ஐநா பொதுச்செயலாளரா இருந்தாரு. ஏழை நாடுங்க விக்கிற பொருளுக்கு நியாயமான விலை வேணும்னு கேக்குறதுக்காக அங்டாட்ன்ற ஐநா வணிக அமைப்பு 1964ல வந்ததும், யுஎன்டிபின்ற ஐநா வளர்ச்சி அமைப்பு 1965ல உருவானதும் அவர் காலத்துலதான். இத எப்ப சொன்னாலும் பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க, எனக்கும் அதுல ஒரு பெருமை.

நம்ம தாத்தா பாட்டிங்க இங்க வந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முழு சம்பந்தம். அந்தக் காலத்து உலக வளர்ச்சிதான் நம்மளக் கப்பல்ல ஏத்தினது.

1852ல கீழ் பர்மாவ வெள்ளைக்காரன் பிடிச்சான், 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க, ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புற வழி சுருங்கிப்போச்சு. ஐராவதி டெல்டா அப்ப காடும் சேறும். அத வெட்டி வயலாக்கினது பெரும்பாலும் மேல் பர்மாலேர்ந்து இறங்கி வந்த பர்மியக் குடியானவங்க. அறுப்புக்கும் அரிசி மில்லுக்கும் துறைமுகத்துல மூட்டை தூக்கவும் ஆள் வேணும், அதுக்கு மெட்ராஸ் மாகாணத்துலேர்ந்து தெலுங்குக்காரங்களும் நம்ம ஆளுங்களும் வந்தாங்க, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கூட்டம் கூட்டமா. 1920கள் கடைசில சில வருஷம் ஒரே வருஷத்துல 4 லட்சம் பேர் கடல் வழியா வந்திருக்காங்க. 1931 கணக்குப்படி ரங்கூன் ஊர்ல பாதிக்கு மேல இந்தியர்.

மேஸ்திரி முறைன்னு ஒன்னு இருந்தது. மேஸ்திரி ஊர்ல முன்பணம் கொடுப்பாரு, கப்பல் டிக்கெட் எடுப்பாரு, இங்க வந்ததுக்கப்புறம் கூலிலேர்ந்து பிடிச்சுக்குவாரு, கடன் முடியிற வரைக்கும் வேற இடம் போக முடியாது. எங்க கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவருதான். அவரப் பத்தி வீட்ல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பேச்சு, "மூணு அறுப்பு கடனுக்கு, நாலாவது அறுப்புதான் எனக்கு"ன்னு சொல்வாராம். அந்த நேரத்துல ஏற்றுமதிக் கணக்குல பார்த்தா பர்மா உலகத்துலயே அதிகமா அரிசி அனுப்புற நாடு. புத்தகத்துல அத செழிப்புன்னு எழுதுறாங்க. அவருக்கு அது மூணு அறுப்பு.

"உங்க ஆளுங்கதான் எங்க நிலத்தப் புடுங்கினாங்க"ன்னு வேலை செய்ற இடத்துல சொல்றாங்க. அது உண்மையா?

இதக் கேக்கும்போது பசங்க முகம் சுருங்கிப்போகும், அதனால பொறுமையா எழுதுறேன். நிலம் கை மாறினது உண்மை. செட்டியார்ங்க கைக்கு வந்ததும் உண்மை. அத மறைச்சுப் பேசுறதுல நமக்கு ஒரு மரியாதையும் வராது.

1929, 30ல அரசாங்கம் போட்ட வங்கி விசாரணைக் குழு கணக்குப்படி செட்டியார்ங்க பர்மால போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபா. பெரிய பேங்க் எதுவும் வயல்காட்டுக் குடியானவனுக்குக் கடன் கொடுக்காது, கொடுத்தது இவங்கதான், அந்தப் பணம் இல்லாம டெல்டால அவ்வளவு வயல் வந்திருக்காது. அவங்களும் ஒரு பகுதிய வெள்ளைக்காரன் பேங்குல கடன் வாங்கித்தான் சுத்த விட்டாங்க. அப்ப 1930ல உலகம் முழுக்க மந்தம், நெல் விலை பாதிக்கும் கீழ விழுந்தது. லண்டன் பேங்க் இவங்களக் கேட்டது, இவங்க குடியானவனக் கேட்டாங்க, அவன்கிட்ட நெல் இருக்கு, வாங்க ஆள் இல்ல, நிலத்தக் கொடுத்தான். 13 முக்கியமான நெல் மாவட்டத்துல 1930ல செட்டியார்ங்க கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1937ல 25 சதவீதம். ஏழே வருஷம்.

நியூயார்க்ல பங்குச் சந்தை விழுந்ததுக்கு இங்க டெல்டால பியாபோன் ஊர்ல ஒருத்தன் வயல இழந்தான், ஆனா அவன் கண்ணுக்கு நியூயார்க் தெரியல, நெத்தில திருநீறு பூசி பெட்டியடில உக்காந்திருந்தவரத்தான் தெரிஞ்சது. அந்தக் கோபம் மூட்டை தூக்கின நம்ம மாதிரி கூலிங்க மேலயும் சேந்து விழுந்தது. 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல தெலுங்குக் கூலிங்க வேலைநிறுத்தம் பண்ணப்ப அவங்க இடத்துல பர்மியர எடுத்தாங்க, ஸ்ட்ரைக் முடிஞ்சதும் பர்மியர வெளிய அனுப்பினாங்க, அதுல வெடிச்ச கலவரத்துல ஏராளமான பேர் செத்தாங்க. ரெண்டு பக்கமும் ஏழை. ரெண்டு பக்கத்தையும் வேலைக்கு வச்ச கம்பெனிக்காரங்க மேல ஒரு கீறல் விழல.

அதனால உங்ககிட்ட யாராவது அப்படிச் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. "ஆமா, நிலம் போச்சு, எங்க தாத்தா அந்த நிலத்துல கூலிக்கு அறுத்தவரு"ன்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்றேன், பாதிப் பேர் அதுக்கப்புறம் உக்காந்து பேசியிருக்காங்க.

சுதந்திரம் வந்ததும் நாம நம்ம இஷ்டப்படி வளர்ந்திருக்கலாமே?

முயற்சி பண்ணாங்க. 1952ல பிரதமர் ஊ நு அரசாங்கம் பிடாவ்தா, அதாவது இன்பமான நாடுன்னு, ஒரு எட்டு வருஷத் திட்டம் போட்டது, அழகான பேர். கணக்குப் போட்டுக் கொடுத்தது ஒரு அமெரிக்க இன்ஜினியரிங் கம்பெனி. அரிசி விலை கொரிய யுத்த நேரத்துல உச்சத்துல இருந்தது, அந்த வருமானத்த நம்பித்தான் திட்டமே. யுத்தம் முடிஞ்சது, விலை விழுந்தது, திட்டமும் படுத்துடுச்சு. ஒரே பொருள வித்துப் பொழைக்கிற நாட்டுக்கு 1930ல நடந்ததே திரும்பவும் நடந்தது.

அதே காலத்துல ஜப்பான் யுத்த நஷ்ட ஈடா 20 கோடி டாலர் தர 1954ல ஒத்துக்கிச்சு. அதுல முக்கியமானது கயா மாநிலத்துல லோபிட்டா நீர்மின் நிலையம். மின்கம்பி மலை தாண்டி ரங்கூனுக்கு வந்தது. ரங்கூன்ல பல்பு எரிஞ்சது, மின் நிலையத்தச் சுத்தி இருந்த கயா கிராமங்க பல வருஷம் இருட்டுல கெடந்தது, அணைக்குத் தண்ணி தேக்க வயலும் ஊரும் முங்கினது. எங்க வீட்டு பல்பும் அந்தக் கரண்ட்லதான் எரிஞ்சது, நாம வாங்குற பக்கம் மட்டும் இருந்தோம்னு சொல்லிக்க முடியாது.

நேவின் காலத்துல என்ன நடந்தது? பாட்டி அதப் பத்திப் பேசவே மாட்டாங்க.

எங்க பாட்டியும் பேச மாட்டாங்க. ஆனா ஒரு தகரப் பெட்டி வச்சிருந்தாங்க.

1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நேவின் தலைமைல ராணுவம் ஆட்சியப் பிடிச்சது. "பர்மிய சோசலிசப் பாதை"ன்னாங்க. வெளிநாட்டுப் பணம் வேணாம், உதவி வேணாம், நம்ம கால்ல நாம நிப்போம்னு. கேக்க நல்லாத்தான் இருந்தது. 1963, 64ல பேங்க், மில், அப்புறம் தெருவுல இருக்கிற கடை வரைக்கும் எடுத்துக்கிட்டாங்க. ஆனரத்தா ரோட்டுல, அப்ப அது பிரேசர் தெரு, வரிசையா கடைங்களுக்கு அரசாங்கப் பலகை மாட்டினாங்க. 1964லயே 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க. ஏறக்குறைய 3 லட்சம் இந்திய வம்சாவளி ஆளுங்க நாட்ட விட்டுப் போனாங்க, நகை கூட கொண்டுபோக விடல. சென்னை பர்மா பஜார், ஊர் ஊருக்கு இருக்கிற பர்மா காலனி, மணிப்பூர் எல்லைல மோரே ஊர்ல இருக்கிற தமிழ்ச் சங்கம், எல்லாம் அப்படிப் போனவங்களோட மிச்சம். மோரேல இருக்கிறவங்க தமிழ்நாடு போயிட்டு அங்க பொழைக்க முடியாம நடந்தே திரும்பி வந்து, எல்லைல நிறுத்தப்பட்டு அங்கேயே தங்கினவங்க. எங்க பாட்டியோட அண்ணன் போனாரு, பாட்டி போகல, கைல குழந்தை, வயித்துல குழந்தை.

இப்ப அந்தத் தகரப் பெட்டி. 1985ல 50, 100 நோட்ட செல்லாதுன்னாங்க, அதுக்கப்புறம் 75, 35ன்னு விநோதமான நோட்டு வந்தது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 நோட்டும் செல்லாதுன்னாங்க, இந்த தடவ ஒரு பைசா மாத்திக் கொடுக்கல. நாட்டுல புழக்கத்துல இருந்த பணத்துல பாதிக்கு மேல ஒரே நாள்ல காகிதம். பேங்குல தமிழ் ஆளுங்க யாரும் பணம் போட மாட்டாங்க, குடியுரிமைக் கார்டு கேப்பாங்க, எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பாங்க, அதனால பாட்டி மோய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊத்துற நூடுல்ஸ், வித்த காசை எல்லாம் 75 நோட்டாச் சேத்து அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தாங்க, எங்க அத்தை கல்யாணத்துக்கு. அத்தன நோட்டயும் அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, தகரப் பெட்டில வச்சு, சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டாங்க. இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. தொறந்தா அரிசி வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வரும். நூல் மட்டும் இத்துப்போச்சு, நோட்டு எல்லாம் புதுசாத்தான் இருக்கு.

அதே வருஷம் டிசம்பர்ல ஐநா பர்மாவ "மிகவும் வளர்ச்சி குன்றிய நாடு" பட்டியல்ல சேத்தது. எட்டு மாசத்துல, 1988 ஆகஸ்ட் 8ஆம் தேதி, நாடே தெருவுக்கு வந்தது.

அந்தப் பட்டியல்ல இருந்தா நல்லதா கெட்டதா?

கொஞ்சம் வட்டி குறைவான கடன், ஏற்றுமதிக்கு வரிச் சலுகை, அது நல்லது. வெளிய வர்றதுக்கு வருமானம், மனித வளம், பாதிப்பு தாங்குற சக்தின்னு மூணு அளவு வச்சிருக்காங்க. 2018லயும் 2021லயும் மியான்மர் தகுதி அடைஞ்சிருச்சுன்னு காமிச்சது, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் திரும்ப ஆட்சியப் பிடிச்சதுக்கப்புறம் முடிவ தள்ளி வச்சாங்க.

வெளிநாடுங்க பொருளாதாரத் தடை போட்டது நமக்காகத்தானே?

நோக்கத்தக் குறை சொல்லல, அடி யாருக்குப் பட்டதுன்னு பாக்கணும். 2003ல அமெரிக்கா பர்மா சாமான் இறக்குமதியத் தடை பண்ணினப்ப ரங்கூன்ல தையல் ஃபேக்டரிங்க மூடி பத்தாயிரக்கணக்குல பொம்பளப் பிள்ளைங்க வேலைய இழந்தாங்க. அதே நேரம் யதனா கேஸ் பைப்லைன்ல தாய்லாந்துக்கு கேஸ் ஓடிக்கிட்டேதான் இருந்தது, பணம் மேல போய்க்கிட்டேதான் இருந்தது. அந்தப் பைப்லைன் போட்டப்ப கட்டாய வேல வாங்கினாங்கன்னு கிராமத்து ஆளுங்க அமெரிக்கக் கோர்ட்ல யுனோகால் கம்பெனி மேல கேஸ் போட்டு, கம்பெனி 2005ல பணம் கொடுத்து சமாதானம் பண்ணிக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல மக்களுக்கு நேரடியா ஏதாவது கைக்கு வந்ததுன்னா அதுதான், அதுவும் மக்களே எழுந்து கேட்டதால.

2011ல புது அரசாங்கம் வந்ததுக்கு அப்புறம் எல்லாம் நல்லாத்தானே போச்சு? நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப சந்தோஷமா இருந்ததே.

சந்தோஷமாத்தான் இருந்தது, அத நான் மறுக்கவே மாட்டேன். 2014ல 1500 கியாட்டுக்கு சிம் கார்டு வந்தது, அதுக்கு சில வருஷம் முன்னாடி அதே சிம் ஆயிரம் டாலருக்கு மேல. எங்க அப்பா 50 வருஷம் கழிச்சு சென்னைல இருக்கிற மாமா பையன்கூட வீடியோல பேசினாரு, ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசாம அஞ்சு நிமிஷம் அழுதாங்க. அதுக்குப் பேரு வளர்ச்சின்னா நான் மனசார ஒத்துக்குவேன்.

மேல என்ன நடந்ததுன்னா, உலக வங்கிக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் இருந்த பழைய பாக்கிய 2013 ஜனவரில ஜப்பான் கொடுத்த இடைக்கடன வச்சு அடச்சாங்க, பாரிஸ் கிளப்னு சேந்திருக்கிற கடன் கொடுத்த நாடுங்க 600 கோடி டாலர் அளவு கடன் தள்ளுபடி பண்ணினாங்க. பழைய கடன் ராணுவ ஆட்சி வாங்கினது, தள்ளுபடியானதும் புதுக் கடன் வாங்கக் கதவு திறந்தது. அது எந்தத் திட்டத்துக்குன்னு எங்க தெருவுல யாரயும் கேக்கல, பார்லிமெண்ட்ல கொஞ்சம் பேசினாங்க, அதுவே நமக்குப் புதுசாத் தெரிஞ்சது. 2021ல அந்தப் பேச்சும் நின்னுச்சு.

திலாவா திட்டத்த எல்லாரும் நல்ல உதாரணம்னு சொல்றாங்களே?

தான்லியின், சாவ்டான் பக்கம், பாலம் தாண்டி. நம்ம ஆளுங்க பீலிக்கான் கோயிலுக்குப் போற திசை. மொத்தம் 2400 ஹெக்டேர் தொழிற்பேட்டை, ஜப்பான் கம்பெனிங்க சேந்து போட்டது, 2015 செப்டம்பர்ல திறந்தாங்க. ரோடு நல்லா இருக்கு, வேலை கிடைச்சது, உண்மை.

முதல் கட்டத்துக்கு 2013ல 68 குடும்பத்த எழுப்பினாங்க. வயல் வச்சிருந்தவங்களுக்கு சின்ன மனைத் துண்டும் வீட்டுக்குக் கொஞ்சம் பணமும். நெல்லு, வெத்தில, காய்கறின்னு பொழச்சவனுக்கு நாலு செவுரு கொடுத்தா அதுல என்ன விளையும்? புது இடத்துக் கிணத்துத் தண்ணி சரியில்லன்னாங்க, வீட்ட அடமானம் வச்சாங்க, வித்தாங்க. அவங்க சும்மா இருக்கல. ஜப்பான் உதவி நிறுவனம் ஜைக்காவுக்கு 2014ல நேரா டோக்கியோ போய் புகார் கொடுத்தாங்க, ஜைக்காவோட ஆட்சேப முறைல வந்த முதல் புகாரே இவங்களதுதான். அதுக்கப்புறம் அடுத்த கட்டத்துல ஆளுங்கள எழுப்புறப்ப பேச்சுவார்த்தை கொஞ்சம் மேம்பட்டது.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்தக் குடும்பங்ககிட்ட நிலப் பட்டா கிடையாது. 2008 அரசியல் சட்டப்படி எல்லா நிலத்துக்கும் கடைசி உரிமை அரசுக்குத்தான். இவங்க நிலத்த 1990கள்லயே எடுத்துட்டோம்னு அதிகாரிங்க சொன்னாங்க. இவங்க கைல இருந்தது வரி ரசீது, பழைய போட்டோ, எந்த மரம் யார் நட்டதுன்ற ஞாபகம். எங்க பெரியம்மா வயலுக்கும் பகோ பக்கத்துல இதே கதை வந்தது, திட்டத்துப் பேரும் கம்பெனிப் பேரும் வேணாம். அளக்க வந்தவங்க டேப்ப வரப்பு மேல போடாம வரப்புக்கு உள்ள தள்ளிப் போட்டாங்க, மூணு அடி. பெரியம்மா ஒன்னும் பேசல, உள்ள போய் பிளாஸ்டிக் கவர்ல வச்சிருந்த 20 வருஷத்து ரசீதக் கொண்டுவந்து சேத்துலயே ஒவ்வொன்னா விரிச்சு வச்சாங்க, காத்துல பறக்காம இருக்க மேல ஒரு ஒரு மண்ணாங்கட்டி. அளக்கறவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு டேப்ப எடுத்து வரப்பு மேல போட்டாரு.

சைனா நல்லதா, ஜப்பான் நல்லதா, மேல் நாட்டுக்காரங்க நல்லதா?

சைனா கம்பெனி கட்ட வந்த மியிட்சோன் அணை 6000 மெகாவாட், கரண்ட்ல பெரும்பகுதி சைனாவுக்கு, முங்குறது கச்சின்காரங்களோட ஐராவதி பிறக்கிற இடம். சனங்க எதுத்து நின்னதால 2011 செப்டம்பர்ல நிறுத்தி வச்சாங்க. யதனால ஃபிரான்ஸ் கம்பெனியும் அமெரிக்கக் கம்பெனியும், திலாவால ஜப்பான். எந்தக் கொடின்னு பாத்தா ஏமாந்து போவீங்க.

ஜிடிபி ஏறுனா ஏழ்மை குறையும்தானே?

சில நேரம். ஜிடிபி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்கு, எவ்வளவு நடந்ததுன்னு சொல்லும், யாருக்கு நடந்ததுன்னு சொல்லாது. அதனாலதான் பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக் 1990ல மனித வளர்ச்சிக் குறியீடுன்னு வேற அளவு கொண்டுவந்தாரு, ஆயுள், படிப்பு, வருமானம் மூணும் சேத்து. அதுல கூட வேல செஞ்ச அமர்த்தியா சென் சின்ன வயசுல சில வருஷம் மாண்டலேல வளர்ந்தவரு, அவங்க அப்பா அங்க வாத்தியாரா இருந்தாரு.

நம்ம கணக்கு ஒன்னு மட்டும் சொல்றேன். யுஎன்டிபி சொல்றபடி 2017ல மியான்மர்ல வறுமைக் கோட்டுக்குக் கீழ 24.8 சதவீதம், 2023 கடைசில 49.7. நாலுல ஒருத்தர் ரெண்டுல ஒருத்தரா ஆனது ஆறே வருஷத்துல. மண்டபத்துல உக்காந்திருக்கிற பிள்ளைங்கள எண்ணிப் பாத்தா எனக்கு அந்த நம்பர் ரொம்ப சரின்னு படுது, காலைல சாப்டாம வர்ற பிள்ளைங்க எத்தனைன்னு எனக்குத் தெரியும்.

அக்கா கார்மெண்ட் ஃபேக்டரிக்குப் போறா. நல்ல வேலைதானே?

வேல கௌரவமானது, உங்க அக்காவ யாரும் குறைச்சுப் பேச விடாதீங்க. கூலியப் பாப்போம். 2015ல முதல் தடவ குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 3600 கியாட், 2018ல 4800. அப்ப 4800னா மூன்றரை டாலருக்கு மேல. அப்புறம் அஞ்சு வருஷம் ஏறவே இல்ல, 2023லயும் 2024லயும் படின்னு சொல்லி ஆயிரம் ஆயிரம் சேத்து 6800 ஆக்கினாங்க, ஆனா அதுக்குள்ள கியாட் விழுந்த விழுக்காட்டுல வெளி மார்க்கெட் ரேட்டுக்கு அது ஒன்றரை டாலர் அளவுதான். சட்டையோட விலை ஐரோப்பால குறையல. அரிசி விலை இங்க எத்தனை மடங்கு ஏறிச்சுன்னு அம்மாகிட்ட கேளுங்க.

எங்களுக்கு முழு கார்டு இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய. 1982 குடியுரிமைச் சட்டம் மூணு வகையாப் பிரிச்சது, முழு குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வாங்கினவங்க. நாலு தலைமுறை இருந்தும் நம்மள்ல நிறையப் பேர் ரெண்டாவது மூணாவதுல நிக்கிறாங்க, சில பேர் கைல ஒன்னுமே இல்ல. வெள்ளக் கார்டுன்ற தற்காலிக அடையாளக் கார்டு வச்சிருந்தவங்களுக்கு 2015 மார்ச்சோட அதுவும் ரத்து. கார்டு சரியில்லன்னா பேங்க் கணக்கு, நிலப் பதிவு, சில படிப்பு, பாஸ்போர்ட் எல்லாத்துலயும் இடிக்கும். "யாரையும் விட்டுவிடாம"ன்னு ஐநா 2015ல 17 இலக்கு அறிவிச்சது, 2030க்குள்ளன்னு. எண்ணிக்கையிலயே வராதவங்க விட்டுப்போனாங்களா இல்லையான்னு எந்தக் கணக்குல தெரியும்? அதனால கார்டு வேலைய நாளைக்குன்னு தள்ளாதீங்க. தாத்தாவோட பழைய காகிதம் எதுவா இருந்தாலும், கிழிஞ்சதா இருந்தாலும், தூக்கிப் போடாதீங்க.

மைக்ரோஃபைனான்ஸ்ல கடன் வாங்கலாமா?

2011 சட்டத்துக்கு அப்புறம் வந்தது, ஆரம்பத்துல வட்டி மாசம் ரெண்டரை சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சாங்க. தெரு வட்டி மாசம் 10, 20ன்னு கேக்குறப்ப இது எவ்வளவோ மேல். வியாபாரத்துக்கு வாங்குங்க. ஒரு கடன அடைக்க இன்னொன்னு வாங்குற நிலைமைல இருந்தா முதல்ல என்கிட்ட வந்து பேசுங்க, வெக்கப்படாதீங்க. குழுவா கையெழுத்துப் போட்டுட்டு ஒருத்தி கட்ட முடியாமப் போனா மத்த நாலு பேரும் அவ வீட்டு வாசல்ல நிக்கிறது எனக்குப் பாக்க முடியல.

பசங்க எல்லாம் தாய்லாந்து, மலேசியா போயிட்டாங்க. அது வளர்ச்சியா, ஓட்டமா?

2024 பிப்ரவரில ராணுவ சேவைச் சட்டத்த அமலுக்குக் கொண்டுவந்தாங்க, ஆம்பளைங்களுக்கு 18லேர்ந்து 35. அதுக்கப்புறம் என் வகுப்புல பெரிய பையன்ங்க வரிசை காலி. வெளிய போய்ச் சம்பாதிக்கிறதுல நாலுல ஒரு பங்க அரசாங்க வழியில, அரசாங்க ரேட்டுல அனுப்பணும்னு 2023ல உத்தரவு. அவங்க அனுப்புற பணத்துலதான் இங்க பல வீட்ல உல கொதிக்குது. மூணு அறுப்பு கடனுக்குன்னு கொள்ளுத்தாத்தா சொன்னாரு இல்ல, ஏஜெண்டுக்குக் கட்டின பணம் தீர எத்தன மாசம் ஆகும்னு போன வாரம் ஒரு பையன் தாய்லாந்து மகாச்சாய்லேர்ந்து போன்ல சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நாங்க சின்ன ஆளுங்க. எங்களால என்ன செய்ய முடியும்?

இப்போதைக்கு ஒரு வேல இருக்கு, நாலஞ்சு பேர் சேந்து செய்யலாம். வீட்டு வீட்டுக்குப் போய் பெரியவங்ககிட்ட இருக்கிற காகிதத்த எல்லாம் போன்ல படம் எடுக்கணும். நில வரி ரசீது, பழைய கார்டு, கப்பல் டிக்கெட் இருந்தா அது, ஸ்கூல் சர்டிபிகேட். எந்த வயல், எந்தத் தெரு, எந்த வருஷம், யார் சொன்னாங்கன்னு தமிழ்லயும் பர்மியத்துலயும் எழுதணும். ரெண்டு எடத்துல பத்திரமா வைக்கணும், ஒன்னு வெளியூர்ல இருக்கிறவங்ககிட்ட. பாட்டிங்க காமிக்க மாட்டேன்னு சொல்வாங்க, அவசரப்படுத்தாதீங்க, ரெண்டாவது தடவ போகும்போது கொஞ்சம் வெத்தில வாங்கிட்டுப் போங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம். முதல்ல எங்க வீட்டுத் தகரப் பெட்டி. நோட்டுக்கு அடில இன்னும் சில காகிதம் இருக்கு, பழைய பர்மிய எழுத்து, எனக்குச் சரியாப் படிக்க வரல, உங்கள்ல யாராவது படிச்சுச் சொல்லுங்க.